உருக்கனுக்குப் பவர் கொடுத்தது யார்

அடியே,

வேப்பம்பட்டில் நான் இப்போது வேலை பார்க்கும் டைல்ஸ் கடைக்கு எதிரே ஒரு வீடு எழும்புகிறது. நேற்று அதன் முதல் மாடியில் திருஷ்டி பொம்மை மாட்டினார்கள். பிதுங்கின கண், முறுக்கின மீசை, வாய்க்கு வெளியே ரெண்டு கோரைப்பல், தொங்குகிற சிவப்பு நாக்கு. தெருவில் போன யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பெரியவர் பாத்ரூம் டைல்ஸ் வழுக்குமா வழுக்காதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் காதில் வாங்காமல் அந்த மூஞ்சியை முறைத்துக்கொண்டு நின்றேன். கடைக்கார அம்மா, "இன்னாம்மா, ஊட்டுல சண்டையா?" என்று கேட்டார். சண்டைதான், ஆனால் வீட்டில் இல்லை.

நீ இருந்திருந்தால் அந்தப் பொம்மையைப் பார்த்துச் சிரித்திருப்பாய். "மூஞ்சி கீது, மீச கீது, கத எங்க?" என்றிருப்பாய். எந்த அரக்கனும் சும்மா வந்து பயம் காட்டுவது உனக்குப் பிடிக்காது. அவன் எங்கே பிறந்தான், அவனுக்குச் சக்தி யார் கொடுத்தது, அந்தச் சக்திக்கு அவன் எதைப் பறிகொடுத்தான், இவ்வளவும் சொல்ல வேண்டும். "பொறப்பு சொல்லாத வில்லன் வில்லன் இல்லமே, பூச்சாண்டி" என்பாய். நான் ஒரு ஹீரோவை அவசரமாகப் பறக்க விட்டால் போதும், உடனே பிடித்துக் கீழே இறக்கிவிடுவாய். "பவர் எங்கேர்ந்து வந்துச்சு? அத்த மொதல்ல சொல்லு."

புதுவாயல் கூட்டுரோட்டில் நம் பிளாஸ்டிக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதே கதை கட்ட ஆரம்பித்துவிடுவோம். மற்ற பெண்கள் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். நாம் சண்டை போட்டுக்கொண்டே போவோம். சாப்பாட்டு நேரத்தில், பெட்டிக்குள் அடுக்கடுக்காகப் போடுகிற அட்டையில் கிழிந்தது ஏதாவது கிடைத்தால், பெட்டிக்கு நம்பர் எழுதும் மார்க்கரால் அதில் நீ வரைவாய். நம் பிரபஞ்சம் முழுவதும் கழிவு அட்டையில்தான் இருந்தது.

எல்லைக்காரியை நீ உருவாக்கிய நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் அங்கே ஓர் எல்லையம்மன் கல் இருந்ததாக வைத்துக்கொண்டாய். மதில் கட்டியவர்கள் அந்தக் கல்லையும் அஸ்திவாரத்தில் போட்டுப் பூசிவிட்டார்கள். காவல் காக்க எல்லை இல்லாமல் போன அம்மன், செருப்பறுந்து மதிலோரம் வெறுங்காலோடு நடந்த ஒரு காண்ட்ராக்ட் பெண்ணின் பாதம் வழியாக ஏறிவிட்டாள். அதன் பிறகு அந்தப் பெண் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தால் எவனாலும் தாண்ட முடியாது. கண்டெய்னர் லாரியே வந்தாலும் நின்றுவிடும். அந்தச் சக்திக்கு விலை என்ன என்று கேட்டேன். "அவ ஊட்டு வாசப்படிய அவளே தாண்ட முடியாது. வெளியவே நிக்கணும்" என்று சொல்லிவிட்டு நீ தயிர்சாதத்தைப் பிசைந்தாய்.

என்னுடையவன் தூக்கச்சாமி. கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் தூக்கத்திலேயே உயிர்விட்டவன். அழைத்துப் போக வந்த தேவதூதன், பாவம் அசந்து தூங்குகிறானே என்று எழுப்பாமல் விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த சீட்டில் யார் உட்கார்ந்தாலும் அவர்களுடைய களைப்பை அவன் வாங்கிக்கொள்வான். நீ கிண்டல் செய்தாய். "உங்க ஆளுங்க வானத்துலேர்ந்து பவர் எடுக்கறாங்க, எங்க ஆளுங்க மண்ணுலேர்ந்து எடுக்கறாங்க." எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம், உங்கள் வீட்டில் ஆடி மாசக் கூழ். இரண்டும் நம் அட்டைக்குள் அடித்துக்கொள்ளாமல் இருந்தன.

நம் வில்லன் உருக்கன் மட்டும் உனக்கு மூஞ்சியோடு முதலில் வந்துவிட்டான். உருகின பிளாஸ்டிக் சொட்டுகிற மீசை, கொப்புளம் மாதிரி கண், அவன் பார்த்தது எதுவும் கெட்டியாக நிற்காது. பிறப்புதான் வரவே இல்லை. ஏரியைத் தூர்த்ததால் வெறி பிடித்த ஏரி முனி என்று ஒரு நாள் வைத்துப் பார்த்தாய். மறுநாளே அட்டையைக் கிழித்துப் போட்டாய். "ஏரி முனி பாவம்மே. அவுரு நம்ம ஆளு. எடத்த பறிகொடுத்தவர வில்லன் ஆக்கக் கூடாது." அதனால் உருக்கன் பிறப்பில்லாமலே நம்மோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

இனி எழுதப்போவதை நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

உன் மெஷினும் என் மெஷினும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அச்சு மூடும், உருகின பிளாஸ்டிக் உள்ளே இறங்கும், அச்சு திறந்தால் கார் கண்ணாடிக்கு மாட்டுகிற மூடி விழும். கதவைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும் என்று கதவோரம் ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். நின்று நின்று ஓடினால் டார்கெட் வராது என்று உன் மெஷினில் அந்த ஸ்விட்சை அழுத்தி, ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற வெள்ளை பிளாஸ்டிக் டையால் இறுக்கிவிட்டார்கள். கதவு திறந்தே கிடந்தாலும் மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். நீ சூப்பர்வைசரிடம் கேட்டாய். "சார், அத்த கயட்டி வுட்ருங்க சார், பேஜாரா கீது." அவர் தலைகூட நிமிரவில்லை. "பேஜாரா இருந்தா ஊட்ல குந்திக்கோ. கேட்டாண்ட நெறய பேரு நிக்கறாங்க."

அதே ஆள் ஆயுத பூஜைக்கு முன்னால் இளித்துக்கொண்டு வந்தார். "நல்லா வரையறியாமே. மெஷினுக்கு ஒரு திருஷ்டி மூஞ்சி போட்டுக் குடும்மா." ஒரு தகரத் தகடும் பெயின்ட்டும் வாங்கிக் கொடுத்தார். உனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டையை விட்டு முதல்முதலாகத் தகட்டுக்கு வந்த உன் ஆள் உருக்கன்தான். பூஜையன்று அவனுக்கு மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, சூப்பர்வைசரே தன் கையால் கதவோரம் தாழ்வாக மாட்டினார். மேலே மாட்டினால் எல்லாரும் பார்க்கலாமே என்று நீ கேட்டாய். "இங்கதாம்மா கண்ணு படும்" என்றார்.

எதற்கு அங்கே மாட்டினார் என்பது வெளியூரிலிருந்து பாதுகாப்பு ஆடிட்டுக்கு ஆள் வந்தபோதுதான் நமக்குப் புரிந்தது. வந்தவர் ஒவ்வொரு மெஷினிலும் ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். உன் மெஷினில் ஸ்விட்சை மறைத்துக்கொண்டிருந்த தகட்டைத் தூக்கக் கை நீட்டினார். "சார், சாமி" என்றார் சூப்பர்வைசர். அவ்வளவுதான். அந்த மனிதர் கையை இழுத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். பொட்டு வைத்த பொருளில் நம் ஊரில் எவன் கை வைப்பான்? அந்தத் தைரியத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நீ டப்பாவைத் திறக்கவே இல்லை. "என் வில்லன வாட்ச்மேன் ஆக்கிட்டான்மே அந்தாளு" என்றாய்.

மறுநாள் காலையில் வந்ததும் எல்லாருக்கும் எதிரில் தகட்டைக் கழற்றிக் கீழே வைத்தாய். டை வெளியே தெரிந்தது. அதை அறுக்க நீ கத்தி தேடுவதற்குள் சூப்பர்வைசர் ஓடிவந்து தகட்டைப் பழையபடி மாட்டினார். "பொட்டு வெச்சத கயட்டுற. ஏதாவது கெட்டது நடந்தா நீதான் பொறுப்பு" என்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். அந்தப் பேச்சுதான் பிறகு உன்னை இரண்டாவது முறை கொன்றது.

அந்த வாரமே ஒரு மூடி அச்சில் ஒட்டிக்கொண்டது. நீ கதவைத் திறந்து குனிந்தாய். மெஷின் நிற்கவில்லை. இதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நானும் பின்னால் ஓடினேன், ஆனால் வேனில் என்னை ஏற்றவில்லை. திரும்பி வந்தால், எலக்ட்ரீஷியன் உன் மெஷின் கதவோரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். போலீஸ் வருவதற்குள் டையை நறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நறுக்கினது தரையில் விழுந்தது. நான் எடுத்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுக் கட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டான். தகட்டிலிருந்து வழிந்த மஞ்சள் அந்த டையில் ஊறிக் காய்ந்திருந்தது.

போலீசிடம் சொன்னேன். விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொன்னேன். "இது எந்தக் கடையிலயும் கெடைக்கும்மா" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டான். கம்பெனியில் பூசணிக்காய் உடைத்து, கோழி அறுத்து, அதே மெஷினை மறுபடி ஓட்டினார்கள். கம்பெனி பஸ்ஸில் ஒரே பேச்சாம். பேயை வரைந்தாள், பொட்டு வைத்து உட்கார்த்தினதைக் கழற்றினாள், அது அடித்துவிட்டது. உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களே சொன்னார்கள். அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போல இருந்தது. நாம் ஆசை ஆசையாகக் கதை கட்டினோம். அந்தக் கதையையே எடுத்து உன்மேல் பழியாகப் போட்டுவிட்டு, டை கட்டினவன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறான்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஊருக்கெல்லாம் கோடு கிழிக்க ஒருத்தியை உண்டாக்கினவள், அந்த அச்சுக்கும் உன் கழுத்துக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளவில்லையே. டை இருப்பது தெரிந்தும் ஏன்டி குனிந்தாய்? வேலைக்காகக் கேட்டாண்ட நிற்கிறவர்களை நினைத்துத்தான் குனிந்தாய் என்று எனக்கே தெரியும். தெரிந்தாலும் கோபம் போகவில்லை.

திருவள்ளூர் லேபர் ஆபீஸில் விசாரணை வைத்திருக்கிறார்கள். உன் கவனக்குறைவுதான் காரணம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. வீட்டு ஆட்கள் வந்து மறுத்துச் சொல்லாவிட்டால் அதையே முடிவாக எழுதிவிடுவார்களாம். உன் அம்மா வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். நீ வரைந்த அட்டைகளை எல்லாம் அடுப்பில் வைத்துவிட்டார். நேற்று அந்தப் பொம்மையைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. மதியமே கடையில் சொல்லிவிட்டுப் புதுவாயலுக்குப் பஸ் ஏறினேன்.

உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "போய்ட்டவள இன்னும் எதுக்குமே இழுத்துக்கினு கீற? பொட்டு வெச்சத கயட்டுனா. அது அடிச்சிருச்சி. அவ்ளோதான்."

"பெரீம்மா, உருக்கன் எப்டி பொறந்தான்னு உங்க பொண்ணு கடைசி வரிக்கும் சொல்லல. நான் சொல்றேன், கேளுங்க" என்றேன். பர்ஸிலிருந்து டையை எடுத்துக் கீரை முறத்தில் வைத்தேன். "இதுலேர்ந்துதான் பொறந்தான். மிசினு நிக்கக் கூடாதுன்னு ஒருத்தன் கதவு ஸ்விட்ச இத்தால கட்டுனான். கட்டுன அன்னிக்கே உருக்கன் பொறந்துட்டான். உங்க பொண்ணு வரையறதுக்கு முன்னாடியே. அவ மூஞ்சி மட்டுந்தான் குடுத்தா. பவரு குடுத்தது அவன்."

உன் அம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கறையைக் கட்டைவிரலால் தேய்த்தார். "இது எங்க இருந்துச்சி?"

"அந்தத் தகட்டுக்குப் பின்னாடி."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். இத்த அறுக்கத்தான் தகட்ட கயட்டுனா."

ரொம்ப நேரம் கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். கிள்ளினதெல்லாம் இலையோடு சேர்ந்து குப்பையில் விழுந்தது. "பேயி வந்து டை கட்டுமா" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் அழுதார். நீ போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திருவள்ளூருக்கு காலீல எந்த பஸ்ஸு?" என்றார்.

எந்தச் சக்திக்கும் ஒரு விலை உண்டு என்பாய். உருக்கனுக்குச் சக்தி கொடுத்தவன் இதுவரைக்கும் ஒன்றும் பறிகொடுக்கவில்லை. எல்லாவற்றையும் நீ கொடுத்தாய். இந்த இடத்தில் உன் கதை தப்பாக இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறோம்.

இதைத் திருவள்ளூர் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரியபாளையம் வழியாக வந்தோம். கடைசி சீட்டுதான் கிடைத்தது. உன் அம்மா பஸ்ஸில் தூங்கவே இல்லை, காலை நாஷ்டாவும் வேண்டாம் என்றுவிட்டார். என்னுடைய தூக்கச்சாமியால் அவரிடமிருந்து ஒன்றும் வாங்கிக்கொள்ள முடியவில்லை. டை இப்போது அவர் முந்தானை முடிச்சில் இருக்கிறது, எனக்குத் தர மறுக்கிறார். என்னிடம் மிச்சம் இருப்பது உன்னுடைய கேள்வி மட்டும்தான்.

"உள்ள போனா நான் இன்னான்னு கேக்கணும்?" என்றார் சற்று முன்.

"பவரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளுங்க பெரீம்மா."

"அப்டி கேட்டா அவனுங்களுக்குப் புரியுமா?" என்று என்னை முறைத்தார், அப்படியே உன் முறைப்பு. "'இத்த கட்டுனது யாரு'ன்னு கேக்கறேன். பேரச் சொல்ற வரிக்கும் நாற்காலிய வுட்டு எழுந்திரிக்க மாட்டேன்."