செவுள் பாடத்துக்கு நீ வராத ஆண்டு

எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவியும் கையில் மீன் வாடை போகவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உப்பளம் நிறுத்தம் வரும்வரை கைகளைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்று ஏழாம் வகுப்புக்கு மீனின் சுவாசம் நடத்தினேன். நீ இல்லாமல் இதுதான் முதல் முறை.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் இந்தப் பாடத்தில் நடந்ததைப் பற்றி நீ ஒருநாளும் பேசியதில்லை. படம் காட்டினால் மனதில் நிற்காது, மேசைக்கு ஒரு மீன் கொடுத்துப் பிள்ளைகளே செவுளைப் பார்க்கட்டும் என்று நான்தான் அனுமதி கேட்டிருந்தேன். விடியலில் வைத்திக்குப்பம் போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்தேன். முதல் மீனின் செவுள் மூடியைக் கத்தரிக்கோலால் தூக்கினேன். ரத்தம் விரலில் வழிந்தது. கண் இருட்டியது. விழித்தபோது தரையில் கிடந்தேன், உயிரியல் ஆசிரியை.

பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த நீ சிரிப்புச் சத்தம் கேட்டு வந்தாய். என்னைத் தூக்கி உட்கார வைத்தாய். "மிஸ் சொல்லுவாங்க, நான் வெட்றேன். எல்லாரும் கிட்ட வாங்க" என்றாய். நான் சுவரைப் பார்த்தபடி பாடம் சொல்லி முடித்தேன். மறுநாளே 'மயக்க மிஸ்' என்று பெயர் வந்துவிட்டது.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஆசிரியர் அறையில் அழுதேன். விடைத்தாள் திருத்திக்கொண்டே நீ, "வெக்கம் என்னா காய்ச்சலாடி, லீவு போட? அதையும் கூட்டிக்கினு கிளாஸுக்குப் போ" என்றாய்.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடத்தன்று, "எனக்கு இப்ப கிளாஸ் இல்ல" என்று வந்து நிற்பாய். நான் கூப்பிட்டதே இல்லை. மார்கழியில் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, இனி செவுள் பாடத்துக்கு யார் வருவார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். அழுதுகொண்டிருந்த உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று வீடியோ போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் மீன் வாங்கினேன். வகுப்பில், "எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும். நீங்கதான் செய்யணும்" என்றேன். பின்வரிசையில் சிரித்தார்கள். காது சுட்டது. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "நீங்க சொல்லுங்க மிஸ், நாங்க வெட்றோம்" என்றாள்.

வெட்டிய செவுளைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடச் சொன்னேன்.

"விரியுது மிஸ்."

வெளியே எடுக்கச் சொன்னேன்.

"ஒட்டிக்கிச்சி." கொஞ்சம் யோசித்தாள். "அதான் கரையில போட்டா மீனு மூச்சு முட்டி சாவுதா?"

சிரித்தவர்களும் கிண்ணத்தைச் சுற்றி வந்து நின்றார்கள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லோரும் போனபின் கழிவை நானே வாரிப் போட்டேன்.

அடுத்து ரத்த ஓட்டம். கறிக்கடை பாயிடம் ஓர் ஆட்டு இதயத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதையும் பிள்ளைகள்தான் வெட்டுவார்கள். அவர்களிடம் ஒரே நாளில் கேட்க முடிந்ததை, அத்தனை ஆண்டுகளில் உன்னிடம் ஒருமுறைகூட நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே நீ வந்தாய். அதை நினைத்தால் இப்போதும் தலை குனிகிறது.