கணவாயும் கணையமும்

அன்பு மகள் நிருஷாவுக்கு,

மண்டூர்க் கந்தன் காவலில நானும் அப்பாவும் சுகமா இரிக்கம், நீயும் மருமகனும் லண்டன் குளிருக்க சுகமா இரிக்கிறீங்க எண்டு நம்புறன். சும்மா வாய்க்குச் சொல்ற சுகமில்ல மகள், இந்த முறை டொக்டர் பாத்துச் சொன்ன சுகம். போன்ல சொல்லப் போனா அப்பா பக்கத்தில நிண்டு கதைய மாத்திப் போடுவாரு, அதான் பாசலுக்க கடிதமா வைக்கிறன்.

போன மாசம் கோயில் மண்டபத்தில ஆசுபத்திரிக்காரங்க சாப்பாட்டையும் புற்றுநோயையும் பத்திக் கூட்டம் வைச்சவங்க. நான் பிந்தித்தான் போனன், வெள்ளைக்கோழி அடைக்கு இரிந்தது, பதினொரு குஞ்சு பொரிச்சிரிக்கு, அத விடு. கடைசிப் பாயில இரிந்தன், ஸ்பீக்கர் கரகரக்குது, தாதி கைறுன்னிஸா மிஸி சொன்னது எனக்குக் கேட்டது கணவாய்ப் புற்றுநோய் எண்டு. வந்தா லேசில தெரியாதாம், சாப்பாட்டில கவனமா இரிக்கட்டாம். உங்கட அப்பா வாரத்தில மூணு நாள் கணவாய்க்கறி கேக்கிற மனிசன், அதோட அந்த நாளையில அவருக்கு வயித்துக்க ஒரு நோவும் இரிந்தது. அண்டைக்கே கணவாய நிப்பாட்டினன். பத்து நாளா முருங்கையிலையும் பூசணிக்காயும்தான். பயந்திருவாரு எண்டு காரணம் சொல்லல்ல. வயல் வட்டையால வந்து சட்டியத் திறப்பாரு, மூடுவாரு, சுருட்டப் பத்த வைப்பாரு. ஒரு நாள் கேட்டாரு, என்னகா புஸ்பம், கடல் வத்திப் போச்சா எண்டு.

நோவு நிக்கல்ல, ரவுண் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போய் ஸ்கேன் எடுத்தம். டொக்டர் கடதாசியப் பாக்க முந்தியே நான் அழுது சொல்லிப் போட்டன், ஐயா, இவரு முப்பது வரிசமாக் கணவாய் திண்டவரு, ஆக்கிக் குடுத்தது நான்தான் எண்டு. டொக்டர் முழிக்காரு. மிஸி சொன்னதச் சொன்னன், மேசையில தட்டித் தட்டிச் சிரிச்சாரு. "அம்மா, அது கணவாய் இல்ல, கணையம். வயித்துக்குப் பின்னால இரிக்கிற உறுப்பு. இவருக்கு அது நல்லா இரிக்கு, இது வயித்தெரிவு" எண்டாரு. அப்பா கிறுகி என்னப் பாத்தாரு, பத்து நாள்கா புஸ்பம் எண்டாரு. பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினாரு. இந்தச் சாப்பாடுதான் அந்த நோயக் கொண்டுவரும் எண்டு ஒண்டக் காட்டிச் சொல்லேலாதாம், ஆனா உடம்பு ஊதுறதும் குடியும் கூடாதாம், மாட்டிறைச்சி, சொசேஜஸ் அளவுக்கு மிஞ்சினாலும் வரக்கூடும் எண்டு சந்தேகமாம், மரக்கறி பழம் கூடச் சேக்கட்டாம். எல்லாத்துக்கும் மேல புகைதான் எதிரியாம். அதக் கேட்ட உடன அப்பாட கை தானாப் பொக்கட்டப் பொத்திச்சு. டொக்டர் கண்டுட்டாரு, கணவாய் வேணுமா சுருட்டு வேணுமா எண்டு கேட்டாரு. அப்பா யோசிச்சாரு மகள், என்னக் கலியாணம் கட்டக்குள்ளயும் அவ்வளவு யோசிக்கல்ல. பிறகு சுருட்டுக் கட்ட எடுத்து மேசையில வைச்சாரு.

வாற வழியில ரெண்டு கிலோ கணவாய் வாங்கினம். இண்டைக்குப் பதினாறு நாள், சுருட்டு இல்ல, நோவும் இல்ல. கந்தப்போடி, கணையம் எப்பிடி எண்டு ஊரே அப்பாட்ட கேக்கு, அடுப்பில கொதிக்குது எண்டு அவரும் சொல்றாரு.

நீ டின் இறைச்சியக் குறைச்சு கீரை ஆக்கு. கந்தன் உங்கள நூறு வரிசம் சிரிக்க வைக்கட்டும். மறக்காத, பாசலுக்க நீலப் பையில கணவாய்க் கருவாடு இரிக்கு. மருமகன் சிகரட்ட மேசையில வைச்ச பிறகுதான் அவிழ்க்கோணுமாம், இது அப்பாட கட்டளை.

உன்ட அம்மா
புஸ்பம்