அறுவை சிகிச்சைத் தேதியைத் தானம் செய்த அப்பா மீது புகார்

அனுப்புநர்:
சிறுநீரகக் கல் நோயாளி ஒருவரின் மகள்,
பதினொன்றாம் வகுப்பு.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
சிறுநீரகப் பிரிவு.

பொருள்: ஸ்டென்ட் குழாய் வைத்ததையே முழுச் சிகிச்சை என்று எண்ணி, கிடைத்த தேதியைத் தாரைவார்த்த என் அப்பா மீது நடவடிக்கை எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா,

வணக்கம். பதற வேண்டாம், இந்தப் புகார் தங்கள் மருத்துவமனை மீது அல்ல. தங்கள் நோயாளி மீது.

1. என் அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சென்ற மாதம் விலா வலியில் சுருண்டு தங்களிடம் வந்தார். சிறுநீர் இறங்கும் வழி குறுகலாக இருப்பதால் கல்லை உடைக்கும் கருவி உள்ளே போகவில்லை. மெல்லிய ஸ்டென்ட் குழாயைச் சில வாரம் வைத்தால் வழி அகலும். பிறகு வயிற்றைக் கிழிக்காமலே லேசரால் கல்லைப் பொடியாக்கலாம் என்று தாங்கள் படம் வரைந்து விளக்கினீர்கள். அப்பா பலமாகத் தலையாட்டினார். அதை நம்பியதுதான் தங்கள் தரப்பில் நடந்த ஒரே தவறு.

2. குழாய் வைத்ததும் அந்த வலி போயிற்று. வலி போனால் கல்லும் போயிற்று என்பது அப்பாவின் மருத்துவம். தேதி சொல்ல நர்ஸ் அக்கா போன் செய்தபோது, "அதான் சரியாயிடுச்சே சிஸ்டர், பாவம், வலியில இருக்கிற யாருக்காவது என் தேதியைக் கொடுத்துடுங்க" என்று, பஸ்ஸில் சீட் விட்டுக்கொடுப்பவரைப் போலக் கொடுத்துவிட்டார்.

3. கல் காலி செய்யவில்லை. குழாய் உள்ளே உறுத்துவதால் அப்பா நிமிடத்துக்கு நிமிடம் கழிவறைக்கு ஓடுகிறார். பயிற்சிக் கார் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் நிற்கிறது. அவரிடம் படிப்பவர்கள் காரை நிறுத்துவதில் புலிகள். ஓட்டத்தான் இன்னும் வரவில்லை.

4. குழாயை மறந்து விட்டுவிட்டால் அதன் மேலேயே கல் படியும், அப்புறம் எடுப்பது பெரும்பாடு என்று தாங்கள் எச்சரித்தீர்கள். அப்பா அப்போது தலையாட்டுவதில் மும்முரமாக இருந்தார். நான் எடுத்துச் சொன்னால், "போடி, உன் ரீலை வேற எங்கயாவது ஓட்டு" என்கிறார். வீட்டில் என் வாக்குக்கு மதிப்பு குறைவு. காரணம் இம்மனுவுக்குத் தேவையற்றது.

உண்மையில் அவருக்குப் பயம் என்று நினைக்கிறேன் ஐயா. மயக்க ஊசி என்ற பேச்சு வந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். அம்மா அந்தச் சத்தத்தில் துணி மடிக்கிறார்.

ஆகவே, சீக்கிரமே வேறு தேதி ஒதுக்கி, அதை அம்மாவின் எண்ணுக்குச் சொல்லவும். அப்பாவிடம் தாங்களே பேசவும். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியின் குரலில் பேசினால் நலம். அந்தக் குரலுக்கு மட்டும்தான் அவர் "சரிங்க சார்" என்பார்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்

இடம்: எங்கள் வீட்டுக் கழிவறை வாசல்
நாள்: ஞாயிறு

பின்குறிப்பு: "வெளியில உக்காந்து என்னடி எழுதுற?" என்று உள்ளிருந்து அப்பா கேட்டார். கதவு வழியாக முழுதும் வாசித்துக் காட்டினேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, தேதி வாங்கு. ஊசி போடுற வரைக்கும் நீ பக்கத்துல நிக்கலாமான்னு அதையும் கேட்டு எழுது" என்றார்.

நிற்கலாமா ஐயா?