மோட்டார் நின்ற பிறகு

நான் வாய் மூடியிருந்தது போதும். நீ உயிரோடிருந்த கடைசி நான்கு ஆண்டுகள் உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசாதவன், நீ போய் ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். இன்று மறுவாழ்வு மையத்தில், தொடையில் ஒட்டியிருந்த மின்பட்டைகளை உரித்தபோது அந்தப் பசை வாசனை வந்தது. உன் விரல்களில் இருந்த வாசனை.

வாரம் இரண்டு முறை ஆட்டோ கொண்டுவருவாய். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத என்னைத் தூக்கி, சைக்கிள் இயந்திரத்தின் முன் உட்காரவைத்து, தொடையில் மின்பட்டைகளை ஒட்டி, பாதங்களை மிதிகளில் கட்டுவாய். பிறகு கைப்பிடியில் மூன்று தட்டு. "மூணு மணி அடிச்சாச்சு. ஆளு கேஜ்ல கீறாரு, உஷாரா எறக்குங்கபா!" நம் அப்பாக்கள் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது அடித்த மணிக் கணக்கு அது. எனக்குச் சிரிப்பு வரும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மின்சாரம் பாய்ந்ததும் என் தொடைச் சதை யாருடையதோ போலப் புடைக்கும். கால்கள் சுற்றும். முதல் மாதங்களில் பாதி வேலையை மோட்டார்தான் செய்தது. ஒருநாள் திரையைப் பார்த்துக் கத்தினாய்: "இன்னாபா, மோட்டாரு நின்னுகினு கீது! மிதிக்கிறது நீதான்!" நான் பதில் சொல்லவில்லை. "பேசாட்டி போ. உன் காலு பேசுது, அது போதும்" என்றாய்.

நடை திரும்பும் என்று மையத்தில் யாரும் சொன்னதில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்ததில் வந்த புண் ஆறிவிட்டது. காலை முறுக்கும் தசை இழுப்பு குறைந்திருக்கிறது. தொடையில் சதை பிடித்து, பழைய பேண்ட் இறுக்குகிறது.

நான் மன்னிக்காதவர்கள் பலர். என் ஆசிரியர் வேலைக்கு அவசரமாக வேறு ஆளைப் போட்ட கல்லூரி, ஒருமுறைகூட எட்டிப்பார்க்காத அண்ணன். அந்த வரிசையில் உன்னையும் நிறுத்தியிருந்தேன். நம் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில், நகர ஆரம்பித்த காலை ரயிலின் வாசலிலிருந்து நீ நீட்டிய கையைப் பிடித்தேன். தோளிலிருந்து விடைத்தாள் பை நழுவியது. அதைப் பிடிக்க உன் கையை விட்டவன் நான்; விழுந்ததில் முதுகெலும்பு முறிந்தது. பார்த்தவர்களுக்கு உன் வெறுங்கை மட்டுமே தெரிந்தது. கூட்டாளியைக் கைவிட்டவன் என்றார்கள். நான் மறுக்கவில்லை. நீயும் மறுக்கவில்லை.

உன் சாவு வீட்டிலும் ஒருவர் ஆரம்பித்தார்: "நல்ல மனுசன்தான். ஆனா அன்னிக்கு கைய வுட்டுட்டான் பாரு." உன் மனைவி தலை குனிந்தாள். சக்கர நாற்காலியில் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அப்போதும் பேசவில்லை.

இன்று நானே மூன்று முறை தட்டினேன். மோட்டார் நின்ற பிறகும் பன்னிரண்டு நிமிடம் கால்கள் சுற்றின. நீ உட்காரும் ஸ்டூலைப் பார்த்து, "மிதிக்கிறது நான்தான்பா" என்றேன். அங்கே யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை; பயிற்சி தரும் பெண் திடுக்கிட்டு, "சார், உங்க குரலு இப்படியா இருக்கும்!" என்றாள்.

அந்தக் குரலில் மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். இதை மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் உள்ள உன் வீட்டுக்கு, உன் மனைவி பெயருக்கு அனுப்புகிறேன். நீ கையை விட்டாய் என்று சொன்னவர்களுக்கு அவள் படித்துக் காட்டட்டும். கையெழுத்துப் போட்டால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும்; அந்த அளவுக்கு நான் இன்னும் திருந்தவில்லை. அன்று உன் கையை விட்டவன் ஊரில் ஒருவன்தான். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.