எட்டு இருபதுக்கு இறங்கியதாக எழுதிய துண்டு

என் அன்பு அண்ணாவுக்கு,

உங்கள் விமானத்திலிருந்து கடைசியாகக் குரல் கேட்டது காலை எட்டு இருபதுக்கு. அன்று விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கடமையிலிருந்த அதிகாரி நேற்று என்னிடம் நேரே சொன்னார். குறிப்புப் புத்தகத்தையும் காட்டினார். அதற்குப் பிறகு கடல்மேல் எதுவும் கேட்கவில்லை. இந்த ஒரு வருடத்தில் உறுதியான புதுச் செய்தி இது ஒன்றுதான்.

அந்த நேரத்தை நான் உங்கள் கையெழுத்தில் முன்பே பார்த்திருக்கிறேன். "எட்டு இருபதுக்குப் பலாலியில் இறங்கினேன். இங்கே காற்றுப் பலம். சுகம்."

பலாலி இருக்கும் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. பறந்து போகிறவர்கள், திரும்பி வருகிற யாரிடமாவது ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். முந்தைய முறை உங்கள் துண்டு கண்டிக்கு வந்து சேர ஒன்பது நாள் ஆனது. அம்மா சரியாகச் சாப்பிடவேயில்லை. அதனால்தானே இம்முறை புறப்படுமுன் இரத்மலானை விமான நிலையத்திலேயே எழுதி என் கையில் தந்தீர்கள்?

புவியியல் படிப்பிக்கிற ஆளல்லவா நீங்கள். நேர்கோட்டில் ஏறத்தாழ முந்நூற்று முப்பது கிலோமீட்டர், கடல் பக்கமாகச் சுற்றிப் போனால் இன்னும் கொஞ்சம், ஆக ஒரு மணியும் பத்து நிமிடமும் என்று கணக்குப் போட்டீர்கள். புறப்படுவது ஏழு பத்துக்கு.

"அண்ணை, இன்னும் ஏறவேயில்லை. அதுக்குள்ளை இறங்கினதெண்டு எழுதிறியளே?"

"எடேய் பேப்பர்க்காரா, எட்டு இருபது கழிஞ்சு குடுத்தா அது உண்மைச் செய்தி. முன்னம் குடுத்தாத்தான் நீ பொய்யன்."

சிரித்துக்கொண்டே போனீர்கள். நான் கண்டிக்கு ரயிலேறினேன். பிற்பகலில் அம்மாவிடம் துண்டைக் கொடுத்தேன்.

"இவ்வளவு கெதியாயோ? ஆர் கொண்டு வந்தது?"

"திரும்பின பிளேனிலை வந்த ஒராள், அம்மா."

அம்மா உடனே சாப்பிட உட்கார்ந்தார். நான் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனபோது, விமானம் இறங்கவில்லை என்ற செய்தி என் மேசையில் கிடந்தது.

காற்றைப் பற்றி எதற்காக எழுதினீர்கள், அண்ணா? ஒரு அழகுக்காகவா? அன்று காலை பலாலியில் உண்மையாகவே காற்றுப் பலமாக இருந்ததாம். வானிலை அலுவலகத்தில் விசாரித்தேன். விசாரிக்காமலே இருந்திருக்கலாம்.

கண்டியில் இலை அசையாத காலைகளிலும் அம்மா எழுந்து ஜன்னல்களைச் சாத்துகிறார். "அவனுக்கு அங்கை காத்துக் கூட" என்கிறார். முந்தாநாள் நானும் எழுந்துபோய் ஒன்றைச் சாத்தினேன்.

மரணப் பதிவுப் படிவத்தில் அம்மா ஒப்பம் வைக்க மறுக்கிறார். "இறங்கின பிள்ளையை எப்பிடியடா செத்ததெண்டு எழுதிறது? நீ ஆயிரம் பொய் எழுதுவாய். அவன் எழுதமாட்டான்."

என் தொழிலில் இதுவரை நான் பிழையான செய்தி கொடுத்ததில்லை என்று சொல்லிக்கொள்வேன். வீட்டில் கொடுத்தது ஒன்றே ஒன்று. அம்மா ஒரு வருடமாகப் பேராதனைச் சந்திக்குப் போய், அங்கே வந்திறங்கும் யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்களிடம் உங்களை விசாரிப்பது அதனால்தான்.

அண்ணா, நாளை காலை தேநீர் முடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. நீங்கள் எங்கே இருந்து எழுதினீர்கள், யாரிடம் தந்தீர்கள், நான் என்ன சொன்னேன், எல்லாம். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்.

விமானம் இன்னும் கிடைக்கவில்லை. விசாரணை அறிக்கை மாத முடிவில் வரும் என்கிறார்கள். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியிலிருந்து அலுவலர் படிவத்தோடு திங்கட்கிழமை வருகிறார். அம்மா ஒப்பம் வைப்பாரா என்பது அன்றுதான் தெரியும்.

உங்களுக்குப் பதினொரு மாதம் பின் பிறந்து, இப்போது உங்களைவிட வயது கூடிப்போன
தம்பி