பதினேழாம் நம்பர் டப்பி

அன்னூர்
3.9.1997

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கிறது. நான் சொகம். நேரத்துக்குச் சாப்பிடு.

உங்கய்யன் தவறி வர்ற ஐப்பசியோட ஒரு வருசம். பவானியில சாம்பலைக் கரைச்சும் கனவுல வந்து நெஞ்சைத் தடவிட்டு நிக்கறாங்க. ஆஸ்பத்திரியில வெட்டி உங்க லேபுக்கு அனுப்பின கட்டித் துண்டு இருக்குதல்ல? "எம்புள்ள படிக்கற எடத்துக்குத்தானே போகுது"ன்னு சிரிச்சுட்டே கையெழுத்துப் போட்டாங்க. பாதியை எடுத்து வெக்கறேன்னு சொன்னியே, அதை திதிக்குக் கொண்டா கண்ணு. ஆத்துல விட்டுப்போட்டா முழுசாப் போயிருவாங்க.

காளியாத்தாள்

பெங்களூர்
12.9.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

துண்டு பத்திரமாக இருக்கிறதுங்க. பனிப்பெட்டியில் பதினேழாம் நம்பர் டப்பி. பெயர் எழுதுவதில்லை, யாருடையது என்று எனக்குத் தெரியும்.

புற்று நுரையீரலில் தொடங்கியதா, வேறெங்கோ தொடங்கி அங்கே வந்ததா என்று டாக்டர்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. கட்டியின் புரதங்களை ஜெல்லி மாதிரியான மெல்லிய கூழ்த் தகட்டில் பிரித்து வெள்ளிச் சாயம் ஏற்றினால் புள்ளிகளாகத் தெரியும். நுரையீரலில் தொடங்கியதென்றால் அதற்கென்று சில புள்ளிகள் வரும். ஒரு பாதியில் அதைப் பார்த்துவிட்டு மறுபாதியைக் கொண்டுவருகிறேன்.

உங்கள் மகள்
லோகப்பிரியா

அன்னூர்
20.9.1997

கண்ணு,

பாத்து என்ன பண்றது? அவங்க வேலை பாத்த கணபதி பவுண்டரிப் புகைன்னு நான் சொல்றேன், பீடின்னு உங்க மாமன் சொல்றான். எதுன்னாலும் போனவங்க வரப்போறதில்லை. பாதியை இனித் தொடாதே. அப்படியே கொண்டா.

அம்மா

பெங்களூர்
6.10.1997

அம்மா,

துண்டு இல்லைங்க.

புரதம் பார்க்கத் துண்டை அரைத்துக் கரைக்க வேண்டும். முதல் பாதியில் செய்த தகடு எடுக்கும்போது என் கையிலேயே கிழிந்துவிட்டது. வேறு யாரிடமாவது கொடு என்றார் எங்கள் சார். கொடுக்கவில்லை. உங்கள் கடிதம் பைக்குள் இருந்தது. எடுத்து வைத்த பாதியையும் நானே அரைத்தேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லைங்க.

இரண்டாவது தகடு சுத்தமாக வந்தது. நுரையீரலில்தான் தொடங்கியிருக்கிறது.

தகட்டைக் காயவைத்திருக்கிறேன். உள்ளங்கையளவுதான். வெளிச்சத்தில் பிடித்தால் நூற்றுக்கணக்கில் கறுப்புப் புள்ளிகள். டப்பியைக் கழுவி மேசையில் கவிழ்த்து வைத்தேன். இன்று காலை அது பனிப்பெட்டியில் பழைய இடத்தில் இருந்தது. நான் வைத்த ஞாபகம் இல்லை.

தகட்டை ஆற்றில் விடலாமுங்களா? சொன்னால் வருகிறேன்.

லோகப்பிரியா

அன்னூர்
15.10.1997

லோகப்பிரியாவுக்கு,

காயிதம் கெடைச்சுது. தகடு வேண்டாம். அது உன்ற கைவேலை, உங்கய்யன் இல்லை. திதியை நாங்க பாத்துக்கறோம், நீ வர வேண்டாம்.

உன்ற காயிதம் வந்த நாள்லருந்து அவங்க இங்க வர்றதில்லை. எனக்கு நல்லாத் தூக்கம் வருது.

இனி அங்கதான் வருவாங்க. திட்டமாட்டாங்க, உன்ற மேல அவங்களுக்கு உசுரு. கதவைத் தாழ் போடாம படு.

காளியாத்தாள்