வைக்கோலுக்கு அடியில் கிடந்தது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். அப்பா நலமா என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும், ஏன் இப்படி எழுதுகிறேன் என்பதைப் பொறுமையாகப் படி.

போன வருஷம் தக்காளிச் செடியெல்லாம் அடியிலிருந்து இலை பழுத்து, புள்ளி விழுந்து, ஒரு காய்கூடத் தேறாமல் போனதே, நினைவிருக்கிறதா? தண்ணீர் விடும்போது மண் தெறித்து இலையில் படுவதால்தான் நோய் ஏறுகிறது, நாலு விரல் கனத்துக்கு வைக்கோலைப் பரப்பு, தண்டை ஒட்டி மட்டும் போடாதே, அழுகிவிடும் என்று நாற்று விற்கும் அம்மாள் சொன்னாள். அப்படியே செய்தேன், அடி இலைகளையும் கிள்ளிவிட்டேன். இந்த வருஷம் செடி ஆள் உயரம், ஒரு புள்ளி கிடையாது. காலையில் வேரடியில் தண்ணீர் விடும் வேலையை அப்பா தானாகவே ஏற்றுக்கொண்டார். நான் கொடுக்கும் பிரஷர் மாத்திரையையும் தம்ளரையும் வாங்கிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போய்விடுவார். மனுஷனுக்கு இப்போதாவது பொறுப்பு வந்ததே என்று உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டேன், நீயும் ஆமாம்மா என்று சிரித்தாய்.

ஒரு வாரமாக விடாத மழை, அடியில் பூஞ்சை பிடித்திருக்குமோ என்று நேற்று வைக்கோலை விலக்கினேன். மூன்றாவது செடிக்குப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. நத்தை முட்டை என்று நினைத்து, இங்க வந்து பாருங்க, செடி போச்சு என்று அப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் குனிந்து கையில் எடுத்தேன். அத்தனையும் மாத்திரை, பழையது கரைந்து கூழாகி, புதியது ஊறி உப்பிக் கிடந்தது. அதைப் போட்டா நாள் பூரா தலை சுத்துது, நான் என்ன பண்ணட்டும் என்றார். அதோடு விட்டாரா, பையனுக்குத் தெரியும், அவன்கிட்ட அப்பவே சொல்லிட்டேன் என்றார். ஈரமென்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை விடு, உன்னை என்ன சொல்ல? பிரஷர் இறங்கவே இல்லை, வீட்டில் உப்பு அதிகமோ என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். குற்றவாளி மாதிரி நின்றேன். நாலு மாதம் உப்பில்லாமல் சமைத்து, அவர் மட்டும் சாப்பிடப் பாவமென்று நானும் அதையே விழுங்கினேன். இதைச் சொல்லி உன்னிடம் அழுதபோது, இன்னும் கொஞ்சம் குறைச்சுப் பாரும்மா என்றாயே, தெரிந்துகொண்டே எப்படியடா உனக்கு வாய் வந்தது? அவர் ஒருநாள் குளியலறையில் விழுந்திருந்தால் நீ அங்கிருந்து வந்து சேர்வதற்குள் என்னவெல்லாம் ஆகியிருக்கும், பக்கத்தில் இருப்பவள் நானல்லவா? நான் வேதனைப்படுவேன் என்று மறைத்ததாகச் சொல்லாதே, இப்போது படுவது வேறென்ன?

இன்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி மாத்திரையை மாற்றி வாங்கி வந்தோம். மதியம் என் எதிரிலேயே விழுங்கினார், கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார். நானும் பார்த்தேனடா, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டுகிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பாய், நன்றாக இருக்கிறார் என்று சொல்வேன். நம்பலாமா வேண்டாமா என்று நீயும் கொஞ்ச நாள் தவித்துப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா